வளைத்துக் கட்டும் வில்மார்

அலமாரிக் கதவைத் திறந்ததும் வில்மார் முதலில் முகர்ந்து பார்ப்பார். கண்ணை அப்புறம்தான் திறப்பார், உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் அவ்வளவு கூசும். கண் பழகியதும் தரையில் மண்டியிட்டு, செடியின் கிளைகளைத் தொட்டி விளிம்போடு பிணைத்திருக்கும் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பழைய நைலான் காலுறையை நீளநீளமாகக் கிழித்த பட்டைகள். நேற்று வளைத்து வைத்த கிளை ராத்திரியோடு ராத்திரியாக நுனியைத் தூக்கி விளக்கைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். "எங்கடா கிளம்பிட்ட?" என்று அதைக் கேட்பார். முடிச்சை அவிழ்த்து, தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டித் தளர்த்தி, இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து மறுபடி கட்டுவார். எப்போதும் உருவு முடிச்சுதான், ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துகொள்ளும். அவிழாத முடிச்சு எதையும் அவர் வாழ்க்கையில் போட்டதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நடைபாதையைக் கழுவ வாளியை எடுப்பார். வருஷக்கணக்காகக் காலை இப்படித்தான் விடிந்தது.

மோந்தேவிதேயோவில், கரையோரச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிற அந்த நாலு மாடிக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வில்மார் பெந்தங்கோர். குப்பை, குழாய், பல்பு, பூட்டு எல்லாம் அவர் பொறுப்பு. தரைத்தளத்தின் பின்கோடியில் அவருக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். அந்த அறைக்குள் சூரியன் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் அலமாரி, விளக்கு, சின்ன மின்விசிறி, உள்ளே ஒட்டிய வெள்ளித்தாள் எல்லாம். பெயரைக் கொடுத்துப் பதிவு செய்த கஞ்சாச் செடிகள், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆறு வரை வீட்டில் வளர்க்கலாம் என்கிறது இந்த நாட்டுச் சட்டம். வில்மாரின் அலமாரி இரண்டுக்கு மேல் தாங்காது.

ஆள் நல்ல உயரம், அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல முதுகில் ஒரு கூன். அவர் வாயில் அதிகம் புழங்குகிற சொல் "பார்ப்போம்". முதல் மாடிப் படிக்கட்டுச் சுவரில் மூன்று கட்டம் பெயின்ட் பூசியிருக்கும்: வெண்ணெய் நிறம், வெளிர் பச்சை, சாம்பல். குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டு, "எது நல்லாருக்கோ நீயே முடிவு பண்ணு வில்மார்" என்று அவரிடம் விட்டுவிட்டார்கள். அந்தச் சமயம் பிறந்த இரண்டாம் மாடிக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தேர்தலன்று வாக்குச்சீட்டு அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வராததால், அதிகாரி கதவைத் தட்டி, "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"உன் கல்லறையில பேர் போட வேண்டாம்யா, 'யோசிச்சுட்டு இருக்கேன்'னு எழுதினாலே போதும்" என்பான் நாலாவது மாடியில் குடியிருக்கும் டாக்ஸி ஓட்டுநர் லெதெஸ்மா.

"அவசரப்பட்டுச் செஞ்சதை யார் வந்து சரி பண்றது?" என்பார் வில்மார்.

அவர் யோசிக்காமல் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னது நூபியாவிடம்.

நூபியா சில்வேரா மூன்றாவது மாடி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. குட்டையான உருவம், வகுப்பின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரல். புருஷன் இறந்து போனதும் அவளுக்குத் தூக்கமும் போய்விட்டது. மாத்திரை போட்டால் மறுநாள் மத்தியானம் வரை தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதாம். கஞ்சா விற்கும் மருந்துக்கடையில் வரிசையில் நின்றால் வேறொரு தொல்லை. ஒரு நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள்.

"முன்னாடி நின்னவன் திரும்பிப் பார்த்து, 'டீச்சர், நீங்களுமா!'ன்னு கட்டிப்பிடிச்சுக் கன்னத்துல முத்தம் வேற குடுக்கறான். அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவ நான்! மானம் போச்சு, வில்மார்."

"நான் வளர்த்துத் தர்றேன், டீச்சர்" என்றார் வில்மார். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார்.

முதல் செடியை அதன் பாட்டுக்கு விட்டதில் அது விறுவிறுவென்று மேலே போய் விளக்கில் முட்டியது. நுனி இலைகள் காய்ந்த காகிதம் மாதிரிச் சுருண்டுகொண்டன. வில்மார் வளர்ப்புச் சாமான் விற்கும் மைக்கோலின் கடைக்குப் போனார். மைக்கோல் தாடிக்காரன், பொறுமைசாலி. மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவையைக் கையிலிருந்து இறக்காமலே பேசுவான்.

"உங்க அலமாரி குள்ளம், செடி நெட்டை. எதாவது ஒண்ணு பண்ணியே ஆகணும். அஞ்சாறு கணு வந்ததும் உச்சியை வெட்டிடலாம், ஒரு தலை போனா ரெண்டு தலை வரும், செடி பக்கவாட்டுல படரும். இல்லையா, குறுக்கே ஒரு வலையைக் கட்டி, மேல வர்ற கிளையை எல்லாம் அதுக்குள்ள நுழைச்சு நுழைச்சு விடுங்க. இல்லையா, வளைச்சுக் கட்டுங்க."

"எது நல்லது?"

"மூணுமே நல்லதுதான்."

வில்மாரிடம் சொல்லக்கூடாத பதில் அது. அன்று வலையை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு தடவை கிளைகள் வலைக்குள் ஏறிவிட்டால் தொட்டியை வெளியே எடுக்க முடியாது என்று தெரிந்ததும் அதை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டார். அடுத்த வாரம் கத்தரிக்கோலைப் பற்றி விசாரிக்கப் போனார்.

"வெட்டினா செடிக்கு வலிக்குமோ?"

"கொஞ்ச நாள் சுணங்கும். அப்புறம் தன்னால பார்த்துக்கும். நீங்க பக்கத்துலயே இருக்கணும்னு இல்ல."

"சரியா வரலைன்னா திரும்ப ஒட்ட முடியுமா?"

மைக்கோல் உறிஞ்சு குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்தான். "முடியாது, வில்மார் ஐயா. வளைக்கிறதுன்னா இஷ்டப்பட்டப்ப அவிழ்த்துக்கலாம். ஆனா தினம் பார்க்கணும். தினம்னா தினம்."

"அது பரவாயில்ல" என்று முகம் மலர்ந்தார் வில்மார். "நான் எங்க போகப் போறேன்?"

அப்படித்தான் வளைப்பது என்று ஆயிற்று. காலுறைகள் நூபியா கொடுத்தவை. "பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போனது. இனிமே யார் முன்னால நிக்கப் போறேன், கிழி" என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து போட்டாள். சாயங்காலமானால் ரொட்டிக்கடையிலிருந்து பொட்டலத்தோடு இறங்கி வருவாள். வில்மார் மாத்தே போடுவார். அப்புறம் இருவரும் அலமாரிக்கு முன்னால் உட்காருவார்கள். கிளையை அவள் பிடித்துக்கொள்வாள், அவர் கட்டுவார். நாலு புறமும் சாய்த்துக் கட்டிய செடி விரித்த கை மாதிரிப் பரந்து, அடியில் ஒளிந்திருந்த கிளைகளெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து ஒரே மட்டமாகப் பூத்தது. காயவைத்த பூவிலிருந்து அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவை துளியூண்டு. படுக்கப் போகும்முன் ஜன்னலோரம் நின்று இரண்டு இழுப்பு. தூங்கினாள். மறுநாள் படிக்கட்டில் அவள் பாடிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டால் வில்மார் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவருக்குப் புகையில் நாட்டமில்லை. "எனக்குச் செடிதான் பிடிக்கும்" என்பார்.

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்றாள் ஒரு சாயங்காலம், கையில் கிளையைப் பிடித்தபடி. "நூபியான்னு."

"பார்ப்போம், டீச்சர்."

அவள் சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

ஒரு குளிர்காலம், நாள் முழுக்க மழை. மழை என்றால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அப்பம் பொரிப்பார்கள், கட்டிடம் முழுக்க அந்த வாசனை எழும். நூபியா வில்மாரின் அறையில், அவருடைய ஒற்றை அடுப்பில் அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் அந்த வருஷம் காலமாகியிருந்தார். கடலோரம், லா பலோமாவில் அவர் இருந்த வீடு அவளுக்கு வந்திருந்தது.

"பின்பக்கம் மண்ணு கிடக்கு, வில்மார். வெயில் கிடக்கு. விளக்கு வேண்டாம், அலமாரி வேண்டாம். அது பாட்டுக்கு எவ்வளவு உயரம் வேணாலும் வளரட்டும்."

"நல்லாருக்கும், டீச்சர்."

"நீயும் வா."

எண்ணெய் சடசடத்தது. வில்மாருக்குக் காதெல்லாம் சூடானது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது நாக்கு வரைக்கும் வந்தது.

"அது கருகுது" என்றார், வாணலியைக் காட்டி.

அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். வெகுநேரம் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்த அறுவடை முடியட்டுமே" என்றார் வில்மார்.

அறுவடை முடிந்தது. ஆனால் அது முடிவதற்கு முன்பே அவர் அடுத்த விதையை ஈரத்துணியில் முளைக்கப் போட்டிருந்தார். முளைத்ததை வெறுமனே விட்டுவிட முடியுமா? தொட்டியில் வைத்தார். கிளை வந்தது, கட்ட வேண்டியிருந்தது. நூபியா ஒரு நாள் கையில் கிளையைப் பிடிக்காமல், கதவில் சாய்ந்து நின்றுகொண்டே கேட்டாள்.

"இந்தத் தடவையாவது உச்சியை வெட்டேன்."

"எதுக்கு டீச்சர்? இதுவே நல்லாத்தானே வருது."

"வளைச்சுக் கட்டினா அதுக்குத் தினமும் நீ வேணும். வெட்டிட்டா உன்னைத் தேடாது. அதுதான் உனக்குப் பயம்." குரலை அவள் உயர்த்தவே இல்லை. வகுப்பில் நிஜமாகவே கோபம் வந்தால் இந்தக் குரலில்தான் பேசுவாள் போலிருக்கிறது என்று வில்மார் நினைத்தார். "செடியைக் காட்டி என்கிட்ட சாக்குச் சொல்லாதே, வில்மார். வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. நான் தாங்கிப்பேன்."

இஷ்டமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அது பொய். இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை. முடிச்சை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

வசந்தத்தில் நூபியா கிளம்பினாள். வண்டியில் கட்டிலை ஏற்றியது வில்மார், பீங்கான் சாமான்களைக் காகிதத்தில் சுற்றியது வில்மார், மெத்தையைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியதும் அவர்தான். காயவைத்த பூவை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அவள் மடியில் வைத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, நடைபாதையைக் கழுவினார். அன்று காலை கழுவிய நடைபாதைதான்.

ஞாயிறுதோறும் அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். காற்று, மீன் விலை, கூரை ஒழுகல் என்று எல்லாம் பேசிவிட்டு, "எப்ப வர்றே?" என்று முடிப்பாள். கார்னிவலுக்கு வருகிறேன் என்றார். கார்னிவல் சமயம் செடிகள் சரியாக வளைக்கும் பருவத்தில் இருந்தன. ஈஸ்டர் வாரம் ஊரே பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற வாரம், அப்போது நிச்சயம் என்றார்.

இந்தத் தடவை பெட்டியும் கட்டினார். புதுச் சட்டை ஒன்று வாங்கினார், கடையில் இரண்டு நிறத்தையும் வாங்கிவிட்டார். லெதெஸ்மா டாக்ஸியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பின்னால் போட்டான்.

"சாவியைக் குடு. தண்ணி நான் ஊத்திக்கறேன்."

"தண்ணி இல்லப்பா விஷயம், கட்டு. பட்டையைத் தினம்..."

"நாலு நாள்ல அது என்ன நடந்தா போயிடும்? ஏறுய்யா!"

ஏறினார். பேருந்து நிலையம் அப்படியொன்றும் தூரமில்லை. முதல் சிக்னலில் வில்மார் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதில் சட்டைக் காலரைத் தளர்த்தினார். வலதுபக்கத் தொட்டியில், சுவரோரக் கிளையின் முடிச்சைத் தான் கடைசியாகச் சோதித்தோமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அவிழ்ந்திருந்தால் கிளை நேரே நிமிரும், விளக்கைத் தொடும், கருகும், யார் கண்டது, தீயே கூடப் பிடிக்கலாம், கட்டிடத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். நிலையத்தின் கண்ணாடி முகப்பு கண்ணுக்குத் தெரிந்தபோது, "திருப்பு" என்றார்.

"என்னது?"

"திருப்பு, லெதெஸ்மா. ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்."

லெதெஸ்மா கேலி செய்யவில்லை. கண்ணாடியில் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். பேருந்தைப் பிடிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வில்மார் அறையைத் திறந்து, அலமாரியைத் திறந்து, மண்டியிட்டுப் பார்த்தார். எல்லா முடிச்சுகளும் கட்டியபடியே இருந்தன. ஒரு கிளைகூட, ஓர் இலைகூட இடம் மாறியிருக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் இலைகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. புதுச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கட்டிடத்தில் ஆள் அரவமே இல்லை, எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு கிளையாவது விளக்கைத் தொட்டிருக்கக்கூடாதா என்று நினைத்தார். ஒன்றாவது கருகியிருந்தால் அவளிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

ஆனாலும் தொலைபேசியில் அவளிடம் அதையேதான் சொன்னார். "ஒரு கிளை விளக்குல பட்டுடுச்சு, டீச்சர். கருகிடுச்சு."

மறுமுனையில் கடல் இரைச்சல் கேட்டது. "அப்படியா" என்றாள் நூபியா. "சரி, வில்மார்."

அதற்கப்புறமும் அவள் கூப்பிட்டாள், ஆனால் "எப்ப வர்றே?" என்று கேட்டதில்லை.

அந்த அறுவடை முடிந்த கையோடு அவர் புது விதை போட்டார். செடிகள் ஐந்தாறு கணு வந்ததும் ஒரு மத்தியானம், யாரிடமும் கேட்காமல், மைக்கோலிடம்கூடப் போகாமல், கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடைத்து உச்சியை வெட்டினார். வெட்டியபோது ஒரு சத்தமும் வரவில்லை, அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. செடி கொஞ்ச நாள் சுணங்கி நின்றது. பிறகு வெட்டுக்குக் கீழே இரு பக்கத்திலும் இரண்டு தளிர், அப்புறம் அவை இரண்டு தண்டு, அப்புறம் ஒரு புதர். காலையில் கதவைத் திறந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தண்ணீரை ஊற்றிவிட்டு, கையைத் தொங்கப்போட்டபடி நிற்பார். ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போனாலும் இதற்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவருக்கு.

தொலைபேசியில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தார். நேரில் காட்டுவதுதான் சரி என்று பட்டது. நேரில் எப்போது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நூபியாவே வந்தாள்.

மூன்றாவது மாடி வீட்டை விற்றுவிட்டாள், கையெழுத்துப் போட வந்திருந்தாள். வெயிலில் நன்றாகக் கறுத்து, கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கான்வாஸ் செருப்போடு வந்து அறை வாசலில் நின்றாள். சாவிகளைக் கொடுத்தாள். கன்னத்தில் முத்தமிட்டாள்.

"காட்டு, எப்படி வந்திருக்குன்னு பார்ப்போம்."

வில்மார் கதவைத் திறந்தார். அவள் பழைய வழக்கப்படி மண்டியிட்டு, ஒரு கணம் எதையோ தேடினாள், பட்டைகளைத்தான். பிறகு விரலால் தண்டைத் தடவிக்கொண்டே போய், இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிறுத்தினாள்.

"வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்."

"நீயா?"

"நான்தான், டீச்சர்."

அவள் இரண்டு தண்டுகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள் பிறகு. "நிஜமாவே நல்லா வந்திருக்கு, வில்மார்."

"இனிமே இதுக்கு நான் தினம் பக்கத்துல இருக்கணும்னு இல்ல" என்றார் அவர். வெகுநாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

நூபியா எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நாங்க இந்த வருஷம் வெட்டவும் இல்ல, கட்டவும் இல்ல. அப்படியே விட்டுட்டோம். கூரையைத் தொடப் பார்க்குது."

நாங்க. வில்மார் அந்தச் சொல்லைக் கேட்டார். யார் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள், மிகவும் மெதுவாக, படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்வது போல. அத்திலியோ என்று பெயர், மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், இப்போது படகு இல்லை. கூரை ஒழுகலைச் சரிசெய்ய வந்தார். நல்ல மனுஷன். அதிகம் யோசிக்கமாட்டார்.

"அது நல்லது" என்றார் வில்மார். "கூரைக்கு நல்லது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வில்மார் வெந்நீர் வைத்தார், மாத்தே போட்டார். முதல் குடுவையைத் தான் குடித்து முடித்து, இரண்டாவதை அவளிடம் நீட்டினார். அவள் உறிஞ்சியபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். லெதெஸ்மா வாசலில் ஹாரன் அடித்தான். குழல் கர்ரென்று காற்றை இழுக்கும்வரை குடித்துவிட்டு, குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி, வில்மார்" என்றாள்.

குடுவையைத் திருப்பித் தரும்போது வெறுமனே தந்தால், இன்னும் ஊற்று என்று அர்த்தம். நன்றி என்று சொல்லித் தந்தால், போதும், இனி எனக்கு வேண்டாம். இந்த ஊரில் பேசத் தொடங்கிய குழந்தைக்கும் அது தெரியும்.

வில்மார் குடுவையை வாங்கினார். பிளாஸ்க்கைச் சாய்த்து, இலை மிதக்காமல் ஓரமாக வெந்நீர் ஊற்றி, நிரப்பி, குழலை அவள் பக்கம் திருப்பி மறுபடி நீட்டினார்.